ஒளிரும் சீலிங்குக்குக் கீழே விற்கப்போவது என்ன?

பெரிய ஜவுளிக்கடையோ நகைக்கடையோ புதிதாகக் கட்டுகிறவர்கள், சீலிங் வடிவமைக்கும் எங்களிடம் வரும்போது, பெரும்பாலும் கைபேசியில் ஒரு படத்தோடுதான் வருவார்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ பார்த்த கடை. நடுக்கூடத்தின் சீலிங் முழுக்க ஒளிரும் தாமரை வடிவம். "இதே மாதிரி நம்ம கடையிலயும் வரணும் சார்." ஆசை நியாயமானதுதான். ஆனால் அந்தத் தாமரைக்கு நேர் கீழே என்ன விற்கப்போகிறீர்கள் என்பது முடிவாகாமல் நான் பென்சிலைத் தொடுவதில்லை.

பரப்பு முழுக்க ஒளிரும் சீலிங், மேகம் மூடிய வானம் மாதிரி. வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் வரும், நிழல் விழாது. அதில் முகங்கள் அழகாகத் தெரியும், ஜரிகை செத்துப்போகும். பட்டுப்புடவையை விரித்து அசைக்கும்போது சிறிய, அடர்ந்த விளக்கொன்றின் பிம்பம் ஜரிகை இழைகளில் ஓடுவதைத்தான் நாம் பளபளப்பு என்கிறோம். தங்கத்துக்கும் வைரத்துக்கும் அதே கதைதான். ஆகவே தாமரை தன் பாட்டுக்கு மிதமாக ஒளிரட்டும். சரக்கின் மேல் விழ வேண்டிய வெளிச்சத்தைக் குறுகிய கோண ஸ்பாட் லைட்டுகள் கொடுக்கட்டும். இரண்டுக்கும் தனித்தனி சர்க்யூட், தனித்தனி டிம்மர் வேண்டும்.

நகைக்கடையில் இன்னொரு சிக்கல் உண்டு. வரைபடத்தில் அது தெரியவே தெரியாது. கவுன்ட்டரின் மேல்கண்ணாடி, தன் மேல் விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. கேட்கக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணாடிக்குள் கிடப்பது கருநீல வெல்வெட். பிரகாசமான சீலிங்கின் பிம்பம் அந்த வெல்வெட்டைவிடத் தூக்கலாகத் தெரியும். வாடிக்கையாளர் குனிந்து பார்த்தால் ஆரத்துக்குப் பதில் தாமரைதான் கண்ணில் படும். விற்பனைப் பெண் ஒவ்வொரு நகையையும் வெளியே எடுத்து வைத்துக் காட்ட வேண்டிவரும். அதனால் ஒளிரும் பகுதியை நடைபாதைக்கும் நடுக்கூடத்துக்கும் மேலே வையுங்கள். கவுன்ட்டருக்கு மேலே அமைதியான, ஒளிராத சீலிங் போதும்.

புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பார்க்கும் பெண்களை எல்லாக் கடையிலும் பார்க்கலாம். கடை விளக்கை அவர்கள் நம்பவில்லை. நம்பாததில் தவறும் இல்லை. எல்.இ.டி. பெட்டியில் அச்சிடும் சி.ஆர்.ஐ. எண், அதாவது அந்த விளக்கு வண்ணங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற மதிப்பெண், வெளிறிய 8 வண்ணங்களை வைத்து எடுத்த சராசரி. அடர் சிவப்பு அந்தக் கணக்கிலேயே இல்லை. அதற்கு ஆர்9 என்ற தனி எண் உண்டு. சி.ஆர்.ஐ. 80 உள்ள விளக்கில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டியும் இருக்கலாம். முகூர்த்தப் பட்டின் அரக்குச் சிவப்பு அங்கே பழுப்படிக்கும். சி.ஆர்.ஐ. 90-க்கு மேல், ஆர்9 குறைந்தது 50 என்று எழுத்தில் கேளுங்கள். பகல் வெளிச்சத்தையே உள்ளே கொண்டுவந்த கடையும் உண்டு. பாரிஸில் கேலரி லஃபாயெத் கடையின் வண்ணக்கண்ணாடிக் குவிமாடம் 1912-இல் வந்தது. 43 மீட்டர் உயரத்திலிருந்து பகல் வெளிச்சத்தைச் சரக்கின் மேல் இறக்கிய கூரை அது. அலங்காரமும் வேலையும் அங்கே ஒன்றாகவே இருந்தன.

சீலிங்குக்குள் இருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்.இ.டி. ஸ்ட்ரிப்புக்கும், அதன் வெளிச்சத்தைப் பரப்பும் மூடியான டிஃப்யூசருக்கும் இடையே 150 மி.மீ. ஆழம் இருந்தால், ஸ்ட்ரிப் வரிசைகளின் இடைவெளியும் 150 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். ஆழத்தைக் குறைத்துவிட்டு வரிசையைக் கூட்டாவிட்டால் கோடு கோடாகத் தெரியும். ஸ்ட்ரிப்புகளுக்கு மின்சாரம் தரும் டிரைவர் பெட்டிகளை, சீலிங்குக்குள் தேங்கும் சூட்டில் புதைக்காதீர்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால், உள்ளே இருக்கும் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஏணி வைத்து ஒருவர் எளிதாக எட்டும் இடத்தில், காற்றோட்டமாக வையுங்கள். சென்னையில் ஒரு மழை பெய்தால் ஈசல் உள்ளே போகும். செத்த பூச்சி ஒவ்வொன்றும் ஒளிரும் பரப்பில் கரும்புள்ளிதான். விளிம்புகளை நன்றாக அடைத்துவிட்டு, கழற்றித் துடைக்கும்படி பேனல்களை அமைத்தால் இந்தத் தொல்லை குறையும். பரணில் ஏ.சி. குழாய் ஓடினால் அதன் இன்சுலேஷனையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சொட்டும் நீர், இழுத்துக் கட்டிய மெல்லிய விரிப்பான ஸ்ட்ரெச் சீலிங்கில் குளமாகத் தேங்கும்.

கண்ணாடிதான் வேண்டும் என்றால் எடையைக் கணக்கிடுங்கள். 10 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ. தலைக்கு மேலே, உடைந்தாலும் சிதறி விழாதபடி படலம் வைத்து லேமினேட் செய்தது மட்டுமே போக வேண்டும். எடை குறைவு என்று அக்ரிலிக்குக்கு மாறினால் தீ பற்றிய கவலை வருகிறது. அக்ரிலிக் எரியும், எரிந்துகொண்டே சொட்டும். 2017 மே 31 அன்று தி.நகரில் தீப்பற்றிய பல மாடி ஜவுளிக்கடையைப் பின்னர் இடித்தே தள்ள வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் எதுவாகவும் இருக்கட்டும். துணி நிறைந்த கட்டடத்தில் தீ எவ்வளவு நேரம் நின்று எரியும் என்பதை ஊரே பார்த்தது. தீபாவளிக் கூட்டம் நிற்கும் கூடத்தின் தலைக்கு மேல், எரிந்து சொட்டும் பொருளை விரிக்க நான் சம்மதிப்பதில்லை. ஸ்ட்ரெச் சீலிங் துணிகளில் எரியும் துளி விழாதவற்றுக்கு டி0 என்ற வகைப்பாடு உண்டு. விற்பவரிடம் அந்தச் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். தீயணைக்க நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் தலைகள் அலங்காரத்துக்கு மேலே ஒளிந்திருக்கக் கூடாது. எனவே முதல் வரைபடத்திலேயே, தாமரையின் இதழ்களுக்கு நடுவே, அவற்றுக்கான இடத்தைக் குறித்துவிடுங்கள்.