பேட்டரி செத்த பிறகும் நிற்கும் ஒன்பது வரிகள்

என் புத்தக அலமாரியில் உடைந்த இ-ரீடர் (மின்னூல் படிக்கும் கருவி) ஒன்று இருக்கிறது. நெரிசலான பேருந்தில் பையோடு நசுங்கியதில் திரையின் குறுக்கே விரிசல் விழுந்துவிட்டது. மேலே விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. உள்ளே இருக்கும் மெல்லிய கண்ணாடித் தகடுதான் உடைந்திருக்கிறது. விரிசலுக்குக் கீழே வெறும் கோடுகள். மேலே, அன்று படித்துக்கொண்டிருந்த பக்கத்தின் ஒன்பது வரிகள் அப்படியே நிற்கின்றன. பேட்டரி செத்து இரண்டு வருடம் ஆகிறது. எழுத்து மட்டும் மங்கவே இல்லை.

மின்சாரமே இல்லாமல் ஒரு திரை எழுத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. செல்போனில் இது நடக்காது. சார்ஜ் போனால் வெறும் கறுப்புக் கண்ணாடிதான். "போன்லயே படிக்கலாமே, இதுக்குன்னு தனியா ஒரு கருவி எதுக்கு?" என்று யாராவது கேட்டால், நான் அந்த ஒன்பது வரிகளைக் காட்டித்தான் பேச ஆரம்பிப்பேன். இ-ரீடரின் நல்லது, கெட்டது எல்லாமே அந்த வரிகள் ஏன் அழியவில்லை என்பதிலிருந்து பிறப்பவை.

செல்போன் திரை ஒரு விளக்கு. எல்.சி.டி. என்றால் பின்னால் ஒரு வெள்ளை விளக்கு எரியும், முன்னால் இருக்கும் திரவப் படிகங்கள் கதவு மாதிரி திறந்து மூடும். ஓஎல்இடி என்றால் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். இரண்டிலும் ஒளி நிற்கும்போது படமும் போய்விடும்.

இ-ரீடரில் விளக்கு இரண்டாம்பட்சம். அதன் திரைக்குள் லட்சக்கணக்கான நுண்ணிய குமிழ்கள் பூசப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் தலைமுடியின் பருமன்தான் இருக்கும். குமிழுக்குள் எண்ணெய் போன்ற தெளிவான திரவம். அதில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. வெள்ளை என்பது டைட்டானியம் டை ஆக்ஸைடு, சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்டில் இருக்கும் அதே பொருள். இரண்டு நிறத் துகள்களுக்கும் எதிரெதிர் மின்னூட்டம் கொடுத்திருப்பார்கள். அடித்தகட்டில் ஓரிடத்தில் ஏறத்தாழ 15 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே ஏறும், மற்றது கீழே இறங்கும். மின்திசையை மாற்றினால் இடமும் மாறும். மேலே வெள்ளை வந்தால் அந்தப் புள்ளி தாள், கறுப்பு வந்தால் மை.

மின்சாரத்தை நிறுத்தினால் துகள்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். திரும்பத் தள்ள ஆளில்லை. என் அலமாரியில் இருக்கும் ஒன்பது வரிகளும் அப்படித்தான் நிற்கின்றன. திரைக்கு மின்சாரம் தேவைப்படுவது பக்கத்தைத் திருப்பும் நேரத்துக்கு மட்டும்தான், படிக்கும் நேரத்துக்கு அல்ல.

இந்தக் குமிழ் யோசனை அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில், ஜோசப் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய மாணவர்களும் உருவாக்கியது. 1997இல் இ-இங்க் நிறுவனம் தொடங்கினார்கள். 2004இல் சோனி ஜப்பானில் இந்தத் திரையோடு முதல் வாசிப்புக் கருவியை விற்றது. 2007 நவம்பரில் 399 டாலர் விலையில் அமேசானின் கிண்டில் வந்தது. பிறகு தைவான் நிறுவனம் ஒன்று இ-இங்கை வாங்கி, அதன் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. இன்று எந்த பிராண்டு இ-ரீடரை வாங்கினாலும், உள்ளே இருப்பது பெரும்பாலும் இவர்களுடைய திரைதான்.

பக்கம் திருப்பும்போது திரை ஒரு கணம் கறுத்து வெளுப்பதைப் பலர் கோளாறு என்று நினைக்கிறார்கள். அந்த அரை நொடியில் நிறைய வேலை நடக்கிறது. துகள்கள் திரவத்துக்குள் நீந்திப் போக வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். கறுப்பு, வெள்ளை மட்டுமில்லாமல் 16 சாம்பல் நிறங்களும் வேண்டும். அதற்குத் துகள்களைப் பாதி வழியில் நிறுத்த வேண்டும். ஒரு புள்ளி இப்போது எந்த நிறத்தில் இருக்கிறது, எந்த நிறத்துக்குப் போக வேண்டும் என்று பார்த்து, எத்தனை மின்துடிப்பு, எந்தத் திசையில் என்று கருவி ஒரு அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. குளிரில் திரவம் தடித்துவிடும், துகள்கள் மெதுவாக நகரும். அதனால் வெப்பத்துக்கு ஏற்ப வெவ்வேறு அட்டவணைகள். ஆமாம், கையடக்கமான அந்தக் கருவிக்குள் ஒரு வெப்பமானியும் உண்டு.

சில துகள்கள் சரியாகத் திரும்பாமல் நின்றுவிட்டால், போன பக்கத்தின் எழுத்து புதுப் பக்கத்துக்குப் பின்னால் நிழல் மாதிரி தெரியும். அதைத் துடைக்கத்தான் அந்தக் கறுப்பு மின்னல். வீடியோ, வேகமாக உருட்டிப் பார்க்கும் பக்கங்கள், வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது, இவற்றுக்கெல்லாம் இந்தத் திரை ஏன் ஒத்துவராது என்பதற்கும் காரணம் இதுதான்.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. பல இ-ரீடர்களில் இருப்பது ஏறத்தாழ 1500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி. இன்றைய போன்களில் 5000. இருந்தும் போன் ஒரு நாள்தான் தாங்குகிறது, இது வாரக்கணக்கில் போகிறது. ஆனால் விளம்பரத்தில் சொல்லும் வாரங்களை அப்படியே நம்ப வேண்டாம். 2018இல் வந்த கிண்டில் பேப்பர்வைட்டுக்கு ஆறு வாரம் என்றார்கள். வைஃபையை அணைத்துவிட்டு, ஒரு நாளைக்கு அரை மணி நேரம் படித்தால் என்ற கணக்கு அது. மொத்தம் 21 மணி நேரம். தினமும் மூன்று மணி நேரம் படிப்பவருக்கு ஒரு வாரம்தான் வரும். அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

அடுத்து வெளிச்சம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு பரப்பு கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதை நிட் என்ற அலகில் சொல்வார்கள். உச்சி வெயிலில் தரையில் விழும் ஒளி சுமார் 1,00,000 லக்ஸ். இ-இங்க் திரை தன்மேல் விழும் ஒளியில் சுமார் 40 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். திரும்பும் ஒளி எல்லாப் பக்கமும் சிதறுவதால், அந்த லக்ஸை 3.14ஆல் வகுத்தால் நிட் கிடைக்கும். கணக்குப் போட்டால் அந்த வெயிலில் திரையின் வெள்ளை 12,000 நிட்டைத் தாண்டும். போன்கள் வெளியில் முழு மூச்சாக எரிந்தாலும் பெரும்பாலும் சில நூறு நிட்தான். விலை உயர்ந்தவை ஆயிரம், இரண்டாயிரம், சில அதற்கு மேலும் போகும். அதோடு கண்ணாடியில் வானத்தின் பிரதிபலிப்பு வேறு. சூரியனோடு போட்டி போட்டுப் போன் தோற்கிறது. இ-ரீடர் போட்டியே போடுவதில்லை, அந்த ஒளியைத்தான் அது கடன் வாங்குகிறது. மர நிழலில், சுமார் 10,000 லக்ஸில், 1,200 நிட் கிடைக்கும். படிக்க அதுவே சுகம்.

வீட்டுக்குள் வந்தால் கதை தலைகீழ். 100 லக்ஸ் வெளிச்சமுள்ள அறையில் அதே திரை 12 நிட்தான் தரும். நல்ல வெள்ளைத் தாள் 80 சதவீத ஒளியைத் திருப்புவதால் 25 நிட் கொடுக்கும். அதாவது மங்கலான அறையில் விளக்கில்லாத இ-ரீடர் தாளைவிடக் கறுத்துத் தெரியும், பழைய செய்தித்தாள் நிறத்தில். 2012இல் பேப்பர்வைட்டும் வேறு சில கருவிகளும் முன்விளக்கோடு வந்தது இதைச் சரிசெய்யத்தான். திரையின் ஓரத்தில் சிறு எல்இடிகள், மேலே ஒரு மெல்லிய ஒளி பரப்பும் தகடு. ஒளி முதலில் பக்கத்தின் மேல் விழுந்து, பிறகு நம் கண்ணுக்கு வருகிறது. பல வண்ண இ-ரீடர்களில் குமிழ்களுக்கு மேலே ஒரு வண்ண வடிகட்டியும் இருப்பதால் அது இன்னும் கொஞ்சம் ஒளியைத் தின்றுவிடும். நாவல் மட்டும் படிப்பவர் வண்ணத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கண் வலிக்காது, தூக்கம் கெடாது என்று சொல்லி விற்கிறார்களே, அது உண்மையா? முழு உண்மை இல்லை. 2014 டிசம்பரில் அமெரிக்காவின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனை ஆய்வு ஒன்று வந்தது. படுப்பதற்கு முன் நான்கு மணி நேரம் ஒளிரும் கருவியில் படித்தவர்கள், அச்சுப் புத்தகம் படித்த நாள்களைவிடத் தூங்குவதற்கு ஏறத்தாழ பத்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பும் குறைந்தது. பங்கேற்றவர்கள் 12 பேர்தான். அவர்கள் கையில் இருந்தது ஐபேட், முழு வெளிச்சத்தில். செய்திகளில் அது "இ-ரீடர் தூக்கத்தைக் கெடுக்கும்" என்று திரிந்துபோனது. அதற்காக முன்விளக்கு ஒளி வேறு வகை ஒளி என்றும் சொல்ல முடியாது. கண்ணுக்கு வந்து சேர்வது எவ்வளவு ஒளி, எவ்வளவு நீலம் என்பதுதான் கணக்கு. இ-ரீடரின் விளக்கை மிகக் கீழே இறக்கி வைத்தாலும் எழுத்து தெளிவாக இருக்கும். அதன் நன்மை அதுதான். கண் களைப்பைப் பொறுத்தவரை, 2012இல் எல்.சி.டி.யையும் இ-இங்க்கையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைந்துவிடுகிறது, போனை முகத்துக்கு மிக அருகில் பிடிக்கிறோம். களைப்புக்கு இவையும் காரணம்.

சரி, தமிழுக்கு வருவோம். 'கொக்கு' என்று எழுதிப் பாருங்கள். யூனிகோடில் முதலில் 'க' சேமிக்கப்படுகிறது, பிறகுதான் ஒகரக் குறி. திரையில் வரும்போது அந்த ஒரே குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் போய் உட்கார வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஒரு மென்பொருள் வேண்டும். ஆரம்பகால இ-ரீடர்களில் தமிழுக்கு அது இல்லை. கொம்பு எழுத்துக்குப் பின்னால் தொங்கும், நடுவில் புள்ளிவட்டம் முளைக்கும், பல இடங்களில் வெறும் பெட்டி.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் எத்தனையோ நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். புத்தகம் இருந்தது, அதைச் சரியாகக் காட்டும் கருவி இல்லை. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தினர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். இபப் என்ற மின்னூல் வகைக் கோப்போடு, ஆறு அங்குலத் திரைக்கு என்றே அளவெடுத்த பிடிஎஃப் ஒன்றையும் தந்தார்கள். பிடிஎஃப்பில் எழுத்துகளின் இடம் முன்கூட்டியே நிலைத்துவிடுவதால் கொம்பு ஓடிப்போகாது. எழுத்தைப் பெரிதாக்க முடியாதுதான், ஆனாலும் தமிழ் தமிழாகத் தெரிந்தது. அந்த உழைப்பை நான் மறக்க மாட்டேன். 2016 இறுதியில் அமேசான் தன் கடையில் தமிழ் மின்னூல்களை விற்கத் தொடங்கியது. இன்றைய கருவிகளில் கொக்கு ஒழுங்காகப் பறக்கிறது.

பிடிஎஃப் என்றதும் ஒரு எச்சரிக்கை. ஆறு அங்குலத் திரையின் அகலம் சுமார் 9 செ.மீ., ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. ஏ4 பக்கத்தை உள்ளே திணித்தால் 12 பாயின்ட் எழுத்து ஏறத்தாழ 5 பாயின்டாகச் சுருங்கும், மருந்துச் சீட்டின் பொடி எழுத்து மாதிரி. உங்கள் படிப்பு பெரும்பாலும் பாடப்புத்தகம், ஸ்கேன் செய்த பழைய நூல், ஆய்வுக் கட்டுரை என்றால் சின்ன இ-ரீடர் வாங்காதீர்கள். பத்து அங்குல டேப்லெட்தான் உங்களுக்குச் சரி.

அதேபோல மாதம் ஒரு புத்தகம் படிப்பவருக்குப் போனும் பக்கத்து நூலகமும் போதும். போனில் வெளிச்சத்தைக் குறைத்து, அறிவிப்புகளை அணைத்துவிட்டுப் படித்தால் ஒரு குறையும் இல்லை. வாரம் ஒரு நாவல் முடிப்பவர், பயணத்தில் படிப்பவர், எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிக்க முடியும் என்பவர், இவர்களுக்கு இ-ரீடர் கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கும்.

கடைசியில் சொன்னவர்களைப் பற்றித் தமிழ் வாசகர்கள் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும். நம் சொற்கள் நீளமானவை. 'எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரே சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டால், ஏழு செ.மீ. போன் திரையில் ஒரு வரியில் அடங்காது. சொல் உடையும், இல்லையென்றால் முந்தைய வரியில் பெரிய ஓட்டை விழும். ஆங்கில வாசகருக்குப் போன் திரை போதும் என்பதால் நமக்கும் போதும் என்று ஆகிவிடாது. 9 செ.மீ., 12 செ.மீ. அகலத்தில்தான் நம் வரிகள் வரிகளாக நிற்கின்றன.

வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கடையில் மின்னூல் வாங்கும்போது பல நேரங்களில் நமக்குக் கிடைப்பது படிக்கும் உரிமை மட்டும்தான். 2009இல் ஆர்வெல்லின் '1984' நாவலின் ஒரு பதிப்பு, உரிமையில்லாதவர் விற்றது என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் அதை நீக்கியது. பணம் திரும்ப வந்தது, அப்போதைய அமேசான் தலைவர் ஜெஃப் பெஸோஸ் மன்னிப்பும் கேட்டார். 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். பூட்டு இல்லாத இபப் கிடைக்கும் இடத்தில் அதையே வாங்கிக் கணினியில் ஒரு பிரதி வைத்துக்கொள்கிறேன்.

உடைந்த கருவியின் திரையை மாற்ற விலை விசாரித்தபோது, புதுக் கருவியின் விலைக்குப் பக்கத்தில் சொன்னார்கள். புதிதாகவே வாங்கினேன், கெட்டியான உறையோடு. அது இப்போது அப்பாவிடம் இருக்கிறது. கண்புரை அறுவைக்குப் பிறகு அவருக்குப் பொடி எழுத்து பிடிபடவில்லை. அச்சுப் புத்தகத்தைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டிருந்தார். இதில் எழுத்தை நன்றாகப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். ஒரு பக்கத்துக்கு அறுபது, எழுபது சொற்கள்தான் வரும். அடிக்கடி திருப்ப வேண்டும், அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. நாலு மணிக்கு வெயில் சாய்ந்ததும் திண்ணையில் போய் உட்கார்கிறார். ஆறு மணிக்கு மேல், பக்கம் சாம்பல் நிறத்துக்கு வரும்போது, விளக்கை ஒரு புள்ளி ஏற்றிக்கொள்கிறார்.