சந்தைத் தோல்வியா, சந்தை வழுவா?

'மார்க்கெட் ஃபெயிலியர்' என்பதைச் 'சந்தைத் தோல்வி' என்று எழுதிப் பழகிவிட்டோம். படிப்பவரை இந்தப் பெயர் தடம் மாற்றிவிடுகிறது. தோல்வி என்றதும் வியாபாரம் படுத்துவிட்டது, சரக்கு தேங்கிவிட்டது என்றுதான் தோன்றும். பொருளியல் சொல்வது வேறு. சரக்கு அமோகமாக விற்கும். ஆனால் அதன் விலை முழுச் செலவையும் காட்டாது.

சர்க்கரை மிகுந்த குளிர்பானத்தையே எடுத்துக்கொள்வோம். சர்க்கரை, புட்டி, விளம்பரம், லாரி வாடகை எல்லாம் விலையில் அடங்கும். பல வருடம் குடித்தபின் வரக்கூடிய நீரிழிவின் செலவு அடங்காது. அரசு மருத்துவமனைகள் இருக்கும் நாட்டில் அதில் ஒரு பங்கை, அந்தப் பானத்தைத் தொடாதவரும் வரியாகக் கட்டுகிறார். இது புறவிளைவு. அடுத்தது தகவல் குறை: உள்ளே என்ன சேர்த்திருக்கிறது என்பது தயாரிப்பவருக்குத் தெரிந்த அளவு வாங்குபவருக்குத் தெரியாது. பெரியவர்கள் தெரிந்தேதான் வாங்குகிறார்கள் என்றாவது வாதாடலாம். விளம்பரம் எது, நிகழ்ச்சி எது என்று பிரித்தறியாத சின்னக் குழந்தையைப் பற்றி அப்படிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

'ஃபெயில்' என்பதன் வேர் 'ஃபாலெரே' என்ற லத்தீன் வினை. ஏமாற்றுவது என்று பொருள். தோற்பதைவிட, நம்பியதைச் செய்யாமல் கைவிடுவதுதான் இங்கே பொருந்துகிறது. விலையில் விடுபட்ட செலவை வரியாகச் சேர்க்கலாம் என்று பொருளியலாளர் ஆர்தர் பிகூ 1920-லேயே விளக்கினார். 1958-இல் இன்னொரு பொருளியலாளர் பிரான்சிஸ் பேட்டர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு 'மார்க்கெட் ஃபெயிலியர்' என்ற தொடர் பொருளியலில் ஊன்றிவிட்டது.

தமிழில் 'சந்தை வழு' என்பதே சரி என்பேன். சொல் முறை பிறழ்ந்தால் இலக்கணத்தில் அது வழு, பிறழாதது வழாநிலை. வழு இருந்தால் பேச்சு நின்றுவிடாது, திருத்தம்தான் தேவைப்படும். சந்தையும் அப்படித்தான். மெக்சிகோ 2014-இல் சர்க்கரைப் பானத்துக்கு லிட்டருக்கு 1 பெசோ வரி போட்டது புறவிளைவுக்கான திருத்தம். சிலி 2016-இல் பொட்டலங்களில் 'சர்க்கரை அதிகம்' என்பதுபோல் எச்சரிக்கும் கறுப்பு எண்கோண முத்திரை குத்தச் சொன்னது தகவல் குறைக்கான திருத்தம். பிரிட்டன் 2018-இல் சர்க்கரையின் அளவைப் பொறுத்து வரியை அடுக்கியது. வரி வருமுன்னரே பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டன.

எல்லாத் திருத்தமும் பலிப்பதில்லை. டென்மார்க் 2011-இல் வெண்ணெய், இறைச்சி போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்புக்கு ('சாச்சுரேட்டட் ஃபேட்') வரி போட்டது. மக்கள் எல்லை தாண்டிப் போய் வாங்கினார்கள், நிர்வாகச் செலவும் கூடியது, 2013-இல் வரி போய்விட்டது. இப்படி நேர்வதை 'அரசுத் தோல்வி' என்கிறார்கள். அப்புறம் என்ன, அதையும் 'அரசு வழு' என்றே எழுதலாம்.