தெரியாத நம்பர்ல இருந்து கோர்ட் ஆஃபீசர் கூப்பிட்டா

அமெரிக்க ஃபெடரல் கோர்ட்ல ப்ரீட்ரையல் சர்வீசஸ் ஆஃபீசர்னு சொன்னா நம்ம ஆளுங்க பாதிப் பேரு போலீஸ்னு நினைச்சுக்குறாங்க. இல்லங்க, நாங்க கோர்ட்டோட ஆளுங்க, அரசு வக்கீல் பக்கமும் இல்ல, டிஃபென்ஸ் வக்கீல் பக்கமும் இல்ல.

ஒருத்தர அரெஸ்ட் பண்ணி ஜட்ஜ் முன்னாடி நிறுத்துறதுக்குள்ள எங்களுக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் சில மணி நேரந்தான், அதுக்குள்ள அவர்கிட்ட பேசி, எங்க இருக்காரு, யார் கூட, என்ன வேலை, உடம்பு எப்படி, போதைப் பழக்கம் இருக்கா, முன்னாடி கேஸ் இருந்தா வாய்தாவுக்கு ஒழுங்கா வந்தாரான்னு எல்லாம் விசாரிச்சு, கேஸ் முடியுற வரைக்கும் அவர வெளிய விடலாமான்னு ஜட்ஜ் முடிவு பண்றதுக்கு ரிப்போர்ட் குடுக்கணும். கேஸ்ல என்ன நடந்துச்சுன்னு மட்டும் கேக்கவே மாட்டேன். அவரா ஆரம்பிச்சாலும் "அத உங்க வக்கீல்கிட்ட சொல்லுங்க"ன்னு நிறுத்திருவேன். எங்ககிட்ட சொன்னத வச்சு அவர குத்தவாளின்னு நிரூபிக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. பேச இஷ்டம் இல்லன்னா பேச வேணாம், ஆனா பொய் சொன்னா அது தனிக் குத்தம்.

இந்தக் கேள்வியெல்லாம் 1961ல நியூயார்க்ல மன்ஹாட்டன் பெயில் ப்ராஜெக்ட்னு ஒண்ணு நடந்தப்பவே கேட்டதுதான். குடும்பம், வேலைன்னு வேர் இருக்கவங்கள பணம் கட்டாமலே விட்டாலும் அநேகமா எல்லாரும் திரும்பி வந்தாங்கன்னு அப்ப தெரிஞ்சுது. 1982ல தனிச் சட்டம் போட்டு ஃபெடரல் கோர்ட்டுங்களுக்கு இந்த சர்வீச விரிவாக்குனாங்க, 1984 சட்டம் ஓடிப்போவாராங்கிறதோட வெளிய இருக்கவங்களுக்கு ஆபத்தாங்கிறதையும் ஜட்ஜ் பாக்கணும்னு சொல்லுச்சு.

இப்ப நான் சொல்ல வந்தது. ஒருத்தர்கிட்ட (அடையாளம் தெரியாத மாதிரி சொல்றேன்) அக்கா நம்பர் கேட்டேன். கண்ண மூடி காத்துல விரலால தட்டித் தட்டிப் பாக்குறாரு, முதல் மூணு நம்பருக்கு மேல வரல. ஃபோன்தான் பறிமுதல் ஆயிருச்சே. கடைசில அக்கா வேலை பாக்குற இடத்து மூலமா நம்பர் பிடிச்சு கூப்பிட்டா, ஃப்ராடு கால்னு ரெண்டு தடவ கட் பண்ணிட்டாங்க. அவங்க மேல தப்பு இல்ல, ஆனா அவங்க எடுக்கலன்னா அவர் சொன்ன விலாசத்துக்குப் பக்கத்துல "உறுதி செய்ய முடியவில்லை"னு எழுதிட்டுப் போக வேண்டியதுதான், அந்த ஒரு வரி ஜட்ஜ் கண்ணுல எப்படிப் படும்னு எனக்குத் தெரியும். சந்தேகமா இருந்தா கோர்ட் மெயின் நம்பர நீங்களே தேடி கூப்பிட்டுக் கேளுங்க. நாங்க ஃபோன்ல பணம் கேக்கவே மாட்டோம். வீட்டு ஆளுங்க ரெண்டு பேர் நம்பரயாவது மனப்பாடம் பண்ணி வைங்க, ப்ளீஸ்.

மூணாவது தடவ எடுத்தாங்க. மறுநாள் கோர்ட்டுக்கும் வந்தாங்க. நான் பாஸ்போர்ட் ஒப்படைக்கணும், அக்கா பொறுப்புல இருக்கணும்னு பரிந்துரை பண்ணிருந்தேன், முடிவு என்னவோ ஜட்ஜ் கையிலதான். "உங்க தம்பி கண்டிஷன மீறினா நீங்களே எங்களுக்குச் சொல்லணும், சொல்லுவீங்களா?"ன்னு ஜட்ஜ் கேட்டாரு. கொஞ்ச நேரம் தம்பியவே பாத்துட்டு இருந்தாங்க, அப்புறம் சொல்லுவேன்னாங்க. அன்னைக்கு சாயங்காலம் அக்கா கூடவே வீட்டுக்குப் போனாரு.