விளாம்பழ சோர்பே: ஃப்ரீசரில் வைத்தும் கல்லாகாமல் இருப்பது எப்படி?

பாலோ க்ரீமோ இல்லாமல் பழக்கூழ், சர்க்கரை, தண்ணீர் மூன்றையும் உறைய வைத்தால் அது சோர்பே. மாம்பழத்தில் எல்லோரும் செய்கிறார்கள். விநாயகர் சதுர்த்தி சமயத்தில் சந்தைக்கு வரும் விளாம்பழம் இதற்கு இன்னும் பொருத்தம். அதன் சதையில் 3 முதல் 5 சதவீதம் வரை பெக்டின் இருக்கிறது. ஜாமை இறுக வைக்கும் அதே பொருள். கடை ஐஸில் பிசின் தூள் செய்கிற வேலையை இங்கே பழமே செய்துவிடும்.

பழத்தை ஓர் அடி உயரத்திலிருந்து தரையில் போடுங்கள். துள்ளினால் காய், தொப்பென்று விழுந்து கிடந்தால் பழம். காயில் துவர்ப்பு அதிகம், எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அது மறையாது. குலுக்கும்போது உள்ளே கடகடவென்று ஆடினால் சதை வற்றிப்போன 'யானை உண்ட விளங்கனி'தான், வாங்க வேண்டாம்.

நான்கைந்து பழங்களை உடைத்தால் 350 கிராம் சதை கிடைக்கும். அதில் 350 மில்லி தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் ஊறவிட்டு, புளி கரைப்பதுபோலக் கையால் பிசைந்து சல்லடையில் தேய்த்து வடிகட்டுங்கள். மிக்ஸியில் போடக்கூடாது, விதை உடைந்து தூளானால் சல்லடையைத் தாண்டி வந்து வாயில் மணலாக நெருடும். 120 கிராம் சர்க்கரை, 80 கிராம் வெல்லம், 40 கிராம் குளுக்கோஸ் பொடி ஆகியவற்றை 100 மில்லி தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டி, நன்றாக ஆறிய பிறகே கூழில் சேர்க்க வேண்டும். சூடாக ஊற்றினால் விளாம்பழத்தின் மணம் ஆவியோடு போய்விடும். ஒரு சிட்டிகை உப்பும் போடுங்கள்.

இந்த அளவில், பழத்தின் சொந்த இனிப்பையும் சேர்த்து, கலவையில் சர்க்கரை 30 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அதுதான் முக்கியம். சர்க்கரை கரைந்த நீர் 0 டிகிரியில் உறையாது. இன்னும் குளிர்ந்தபின் முதலில் நீர் மட்டும் பனித்துகளாகப் பிரியும். மிச்சமிருக்கும் பாகு கெட்டியாகிக்கொண்டே போகும், கெட்டியாக ஆக அது உறைவது இன்னும் கடினம். −18 டிகிரியிலும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பாகாகவே நிற்கும். கரண்டி உள்ளே இறங்குவது அந்தப் பாகினால்தான். சர்க்கரையைக் குறைத்தால் கல்லாகும். கூட்டினால் இறுகாமல் கொழகொழவென்று நிற்கும். குளுக்கோஸ் மூலக்கூறு சர்க்கரை மூலக்கூறில் ஏறக்குறைய பாதி எடைதான் என்பதால், அதே எடைக்கு உறைநிலையை இருமடங்கு இறக்கும், இனிப்போ குறைவு. வெல்லத்திலும் இயல்பாகவே கொஞ்சம் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் உண்டு. குளிரில் நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும், ஆகவே கலவை இப்போது சற்றுத் தித்திப்பாக இருப்பதே சரி.

பாகில் முட்டை மிதக்கவிட்டுச் சர்க்கரையைச் சோதிக்கும் பழைய முறை இங்கே பலிக்காது, கூழின் கெட்டித்தன்மையே முட்டையைத் தாங்கிவிடும். பதிலாக, ஒரு கரண்டிக் கலவையைத் தட்டில் ஊற்றி ஒரு மணி நேரம் உறையவிட்டுப் பாருங்கள்.

பிறகு கலவையை ஓர் இரவு ஃப்ரிட்ஜில் குளிரவிட்டு, அகன்ற எவர்சில்வர் தட்டில் 2 செ.மீ. உயரத்துக்கு ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். வேகமாக உறைந்தால் பனித்துகள் சிறிதாக இருக்கும். அது சுமார் 50 மைக்ரானை (மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கை) தாண்டினால் நறநறப்பு தெரியும். ஓரம் உறைந்ததும் முள்கரண்டியால் சுரண்டிக் கலக்கி, அரைமணிக்கு ஒருமுறை மூன்று நான்கு தடவை இதையே செய்யுங்கள். கடைசியில் குளிரவைத்த மிக்ஸி ஜாரில் 20 விநாடி அடித்து, மூன்று மணி நேரம் இறுகவிடுங்கள். ஜார் சூடாக இருந்தால் பனி உருகி, திரும்ப உறையும்போது பெரிய துகளாகிவிடும்.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் பல வீடுகளில் போதிய அளவு குளிராது. அங்கே எடையில் 3 பங்கு நொறுக்கிய ஐஸுக்கு 1 பங்கு கல்லுப்பு கலந்து, அதன் நடுவில் பாத்திரத்தை வைத்துக் கிளறலாம். உப்பு ஐஸை உருக்கும், உருகுவதற்கான வெப்பம் கலவையிலிருந்து போகும். −15 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும்.

மின்வெட்டில் சிறு துகள்கள் உருகி, மின்சாரம் வந்ததும் பெரிய துகள்களோடு ஒட்டி உறையும். பெக்டின் அதைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. மேற்பரப்பைத் தொட்டபடி பட்டர் பேப்பர் ஒட்டி மூடி, ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். நறநறத்துவிட்டால் உருக்கி, தட்டில் ஊற்றி, முன்போலவே சுரண்டிக் கலக்கி, மிக்ஸியில் அடித்து மறுபடி உறைய வைத்தால் பழைய வழவழப்பு திரும்பும்.