பின் ரூட்டர் – முளைக் குடைவி

மரப்பட்டறைகளில் 'பின் ரூட்டர்' என்று வழங்கும் பொறி, ஒரு மாதிரிப் பலகையின் வடிவத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாறாமல் மரத்தில் படியெடுத்துத் தருவது. மேலே சுழலும் வெட்டலகும், அதற்கு நேர் கீழே மேசையிலிருந்து சற்றே எழுந்து நிற்கும் உருளை வடிவ முளையும் ஒரே செங்குத்துக் கோட்டில் அமைந்திருக்கும். மாதிரிப் பலகையின் மேல் மரத்தை இறுகப் பொருத்தி, பலகையின் விளிம்போ அதன் அடியில் வெட்டிய பள்ளமோ முளையை ஒட்டியே செல்லுமாறு நகர்த்தினால், அந்தத் தடத்தையே அலகு மரத்தில் வெட்டும். கணினிப் பொறிகள் வருமுன் அமெரிக்க மின்கிதார்ப் பட்டறைகளில் கிதார் உடலின் உட்குழிகளை இப்படித்தான் வெட்டினார்கள்.

கணினி வலையமைப்பின் ரூட்டருக்குத் 'திசைவி' என்ற சொல் நிலைபெற்றுவிட்டதால், மரவேலைக் கருவிக்கும் அதையே எடுத்தாளத் தோன்றும், அது பிழை. வலையமைப்புச் சொல், பாதை என்னும் பொருளுடைய 'ரூட்' என்பதிலிருந்து பிறந்தது. அதன் மூலம் இலத்தீன். மரவேலைச் சொல்லோ, பன்றி மூக்கால் நிலத்தைக் கிளறுவதைக் குறித்த பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் அதை 'ரௌட்டர்' என்றே ஒலிப்பார்கள். நம் பட்டறைகளில் இரண்டும் 'ரூட்டர்' ஆனதால் வேறுபாடு மறைந்துபோயிற்று.

கிழங்குக்காக நிலத்தை அகழும் கேழலை, அதாவது காட்டுப்பன்றியை, சங்கப் பாடல்களும் காட்டுகின்றன. ஆயினும் அகழி, அகழாய்வு என அகழ்தல் மண்ணோடு நின்றுவிட்டது. மரத்துக்கு உரிய வினை குடைதலே: வண்டு மரத்தைக் குடைகிறது என்கிறோம், பாறையைக் குடைந்த கோயிலைக் குடைவரை என்கிறோம். துளைத்தல் நேராக உள்ளிறங்குவது; குடைதல் உள்ளிறங்கியபின் பக்கவாட்டிலும் பரவுவது. இந்த அலகின் வேலையும் அதுதான் என்பதால் 'குடைவி' என்பதே பொருந்தும்.

'பின்' என்பதை ஊசி என்றோ ஆணி என்றோ பெயர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. ஊசி குத்துவது, ஆணி அறைந்து இணைப்பது; இங்கே அது இரண்டையும் செய்வதில்லை. மாடு கட்டும் முளையைப் போலத் தான் அசையாமல் நின்று, தன்னைச் சார்ந்த பொருளின் நடமாட்டத்தை வரையறுக்கிறது. ஆகவே 'முளைக் குடைவி' என்கிறேன்.

முளையும் அலகும் ஒரே விட்டமுடையனவாக இருந்தால் படி மாதிரியின் அளவிலேயே அமையும். 6 மி.மீ. அலகுக்கு 10 மி.மீ. முளையை வைத்து வெளிவிளிம்பைச் சுற்றி வந்தால், விட்ட வேறுபாட்டில் பாதியான 2 மி.மீ. ஒவ்வொரு பக்கமும் கூடும். உட்குழியானால் அதே அளவு குறையும். அலகு கீழிருந்தும் முளை மேலிருந்தும் வரும் வகையும் உண்டு. மாதிரிப் பலகை மேலே கண்ணுக்குத் தெரியும் அவ்வகையைத் 'தலைகீழ் முளைக் குடைவி' எனலாம்.