பன்னீர் திராட்சைக்கு ஆல்சாஸில் ஓர் உறவு

குமுளி பழக்கடைகளில் கம்பத்துப் பன்னீர் திராட்சை ஏறக்குறைய வருடம் முழுக்கக் கிடைக்கும். மலையிறங்கி அந்தப் பக்கம் போனால் பள்ளத்தாக்கில் பந்தல் பந்தலாக அதுதான். 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. பிரான்சின் ஆல்சாஸ், இத்தாலியின் தென் டிரோல் பகுதிகளில் கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்றொரு வெள்ளை ஒயின் செய்கிறார்கள். ரோஜாவும் லிச்சியும் கலந்தாற்போல் மணக்கும். இங்கே அந்த ஒயினைத் தேடி அலைய வேண்டும். அதன் மணத்துக்குப் பின்னாலுள்ள வேதியியலோ கிலோக் கணக்கில் கிடைக்கிறது.

கால் கிலோ வாங்குங்கள். ஒரு பழத்தை விரலால் அழுத்தினால் சதை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். முதலில் சதையை மட்டும் சாப்பிடுங்கள்: இனிப்பு, லேசான புளிப்பு, கொஞ்சம் மணம். பிறகு தோலைத் தனியாக மெல்லுங்கள். துவர்ப்போடு சேர்ந்து பன்னீர் வாசம் குப்பென்று ஏறும். அடுத்த தோலை மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லுங்கள். துவர்ப்பு அப்படியே இருக்கும், பன்னீரைக் காணோம். விரலை எடுத்த நொடியில் வந்துவிடும். நாக்குக்குத் தெரிந்த சுவைகள் சிலதான். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி, தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் ஆவி.

அந்த ஆவியில் இருப்பவை மோனோடெர்பீன்கள். பத்துக் கார்பன் அணுக்கள் கொண்ட சின்ன மூலக்கூறுகள், சட்டென்று ஆவியாகிவிடும். கொத்தமல்லி விதையை நுணுக்கும்போது வரும் மணத்தில் பெரும்பங்கு லினலூலுடையது. ரோஜா வாசம் தருவது ஜெரானியால். பன்னீர் திராட்சை சேர்ந்த மஸ்கட் வகைத் திராட்சைகளில் அது பெரும்பாலும் தோலில்தான் தங்குகிறது. இடுக்கி மலைகளில் காய்ச்சும் புல்தைலத்தின் எலுமிச்சை மணம் சிட்ரால். ஜெரானியாலும் அதன் உறவான நெரோலும் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் கிடைப்பது அதுதான். ஆக எல்லாம் ஒரே குடும்பம்.

சாதாரணத் திராட்சைகளில் இவை மிகக் கொஞ்சம். பன்னீர் திராட்சையிலும் கெவுர்ட்ஸ்ட்ராமினரிலும் மட்டும் ஏன் இவ்வளவு? டெர்பீன் தயாரிப்பின் முதல் படியை நடத்தும் நொதிக்கு டிஎக்ஸ்எஸ் என்று பெயர். மஸ்கட் வகைகளில் அதற்கான மரபணுவில் ஒரு பிழை: ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. கெவுர்ட்ஸ்ட்ராமினரிலும் அதே மரபணுவில் ஒரு பிழை, ஆனால் வேறோர் இடத்தில். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு விபத்துகளும் ஒரே பட்டறையில் நடந்திருக்கின்றன. பன்னீர் திராட்சை என்று நாம் சொல்வது மஸ்கட் ஹாம்பர்க். அதன் பெற்றோரில் ஒன்று அலெக்சாண்டிரியா மஸ்கட். வாசனை அந்த வழியில் வந்தது. இன்னொன்றான ஸ்கியாவா கிராசா மணமற்றது, ஆனால் டிரோல் பக்கத்துக் கொடி. கெவுர்ட்ஸ்ட்ராமினர் தன் பெயரில் சுமக்கும் டிராமின் ஊரும் அந்த மலைப்பகுதியில்தான் இருக்கிறது.

லிச்சி வாசத்தின் கதை இன்னும் சுவாரசியம். அதன் சொந்தக்காரர் சிஸ் ரோஸ் ஆக்சைடு. லிச்சிப் பழத்திலும் கெவுர்ட்ஸ்ட்ராமினரிலும் இதே மூலக்கூறு முக்கிய மணமாக இருப்பதை 1990-களில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒயினை ருசிப்பவர்கள் அள்ளிவிடும் வர்ணனைகளில் பாதியை நான் நம்புவதில்லை. ‘நனைந்த கருங்கல்’ என்றெல்லாம் எழுதுவார்கள். ஆனால் இந்த ஒயினில் லிச்சி என்று ஒருவர் சொன்னால், கிளாசுக்குள் இருப்பதைத்தான் சொல்கிறார். நீரும் சாராயமும் கலந்த கரைசலில் லிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் இருந்தாலே மூக்கு இதைக் கண்டுபிடிக்கும் என்கிறது அளவீடு. அதாவது ஒரு கிராமை 50 லட்சம் லிட்டரில், 10,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் 500-இல் கரைத்தாலும் தெரியும். ரோஸ் ஆக்சைடுக்கு நான்கு வடிவங்கள் உண்டு. அதே அணுக்கள், திரும்பி நிற்கும் விதம் மட்டும் வேறு. அவற்றில் ஒன்றைத்தான் மூக்கு இவ்வளவு கூர்மையாகப் பிடிக்கிறது. ஒயினில் இது உருவாவதில் ஈஸ்டுக்கும் பங்குண்டு. நொதிக்கும்போது அது ஜெரானியாலில் ஒரு பகுதியைச் சிட்ரோனெல்லாலாக மாற்றுகிறது; ரோஸ் ஆக்சைடு பிறப்பது அந்தக் கிளையில்தான்.

இன்னொரு விஷயம்: பழத்திலுள்ள டெர்பீன்களில் பெரும்பகுதி சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. பிணைந்தவரை ஆவியாகாது, மணக்காது. நொதிகளும் அமிலமும் அந்தப் பிணைப்பை மெல்ல வெட்டிவிடும். நம் வாயில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும் அதைச் செய்கின்றன. தோலைத் துப்பிய பிறகும் சற்று நேரம் பன்னீர் வாசம் விட்டுவிட்டு வருவதில் அவற்றுக்கும் பங்கிருக்கலாம்.

இனி ஒயின்களை ஒப்பிடும் வேலை. பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினால்தான் வேறுபாடு தெரியும். எல்லாம் ஒரே மாதிரி கிளாஸ், ஒரே அளவு, மேலே ஒரு சின்னத் தட்டு மூடி. சூடு 10 முதல் 12 டிகிரி செல்சியஸ். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் டெர்பீன்கள் எழும்பாது, கசப்புதான் முன்னால் நிற்கும். ஒயின் வெள்ளையாக இருந்தாலும் பழத்தோல் இளஞ்சிவப்பு. கசப்பு அந்தத் தோலிலிருந்து வருகிறது.

முதலில் ஏமாற்றுவது இனிப்பு. லிச்சி வாசம் வந்தாலே மூளை சர்க்கரையை எதிர்பார்க்கும். சீனியே எஞ்சாத ஒயினும் இனிப்பதாகத் தோன்றும். மூக்கைப் பிடித்தால் உண்மை வெளிவரும். தென் டிரோல் பாட்டில்கள் பெரும்பாலும் வறண்டவை, அதாவது சீனி ஏறக்குறைய எஞ்சாதவை. ஆல்சாஸில் கொஞ்சம் சீனியை விட்டுவைப்பதுண்டு. தாமதமாகப் பறித்த பழத்தில் போட்ரைடிஸ் பூஞ்சை பிடித்திருந்தால் கணக்கே மாறிவிடும். அந்தப் பூஞ்சை டெர்பீன்களைச் சிதைக்கும்; ரோஜா மங்கி, தேனும் உலர்ந்த ஆப்ரிகாட்டும் தலைதூக்கும். விலை கூடிய பாட்டிலில் லிச்சி குறைவாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

உங்கள் மூக்கைச் சோதிக்க ஒரு வழி உண்டு. மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. வேறொருவர் ஊற்றிக்கொடுக்க, எது வேறு என்று நீங்கள் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருமுறை சரியாக வரும், அதனால் ஒருமுறை ஜெயித்தால் போதாது. மூக்கு சீக்கிரம் சலித்துவிடும்; இடையிடையே சொந்த முழங்கையை முகர்ந்து இளைப்பாற விடுங்கள். புற்றடியிலோ போடியிலோ ஏலக்காய் வியாபாரம் பார்ப்பவர்களுக்கு இந்தச் சலிப்பு பழகிய சங்கதி. குமுளி மசாலாக் கடைத் தெருவில் உட்கார்ந்து மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ஏலக்காயின் மணமும் பெரும்பாலும் இதே மோனோடெர்பீன் கூட்டம்தான். காற்றே போட்டிக்கு வந்துவிடும்.

கெவுர்ட்ஸ்ட்ராமினர் இந்திய உணவுக்குப் பொருத்தம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலும் 13, 14 சதவீதம் ஆல்கஹால். மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு வாங்கியை ஆல்கஹாலும் தூண்டும். கப்பையும் சிவந்த மீன்கறியும் வைத்துக் குடித்தால் வாய் எரியும். குடம்புளியின் புளிப்பு வேறு, ஏற்கெனவே புளிப்பு குறைந்த இந்த ஒயினைச் சப்பென்று ஆக்கிவிடும். அப்பத்தோடு தேங்காய்ப்பால் இஷ்டு என்றால் சரி. கொஞ்சம் சீனி எஞ்சிய பாட்டிலாக இருந்தால் பச்சை மிளகாயை இன்னும் ஒன்று கூடப் போடலாம்.