எண்ணூர் மடவையின் வரவும் செலவும்

எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரே வலையில் விழும் இரண்டு மடவை மீன்களில் பெரியதுதான் வயதில் மூத்தது என்று சொல்லிவிட முடியாது. மீனின் வயதை அதன் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லில் படியும் வளையங்களைக் கொண்டு கணிக்கிறார்கள். நாள்தோறும் ஒரு வளையம் படிவதை 1971இல் பன்னெல்லா என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். உடலின் அளவோ, அந்த மீன் எத்தகைய நீரில் வாழ்ந்தது, அங்கே எவ்வளவு இரை கிடைத்தது என்பதைப் பொறுத்தது.

தின்ற இரையின் ஆற்றலில் ஒரு பங்கு கழிவாகிறது. நீந்தவும், செரிக்கவும், உடலின் உப்பைச் சீராக வைத்திருக்கவும் இன்னொரு பங்கு செலவாகிறது. மிஞ்சுவதுதான் சதையாகவும், பருவமடைந்தபின் முட்டையாகவும் மாறுகிறது. நெரிசலும் இரைக்குறைவும் உள்ள நீரில் ஜிலேபி மீன் சிறிய உடலிலேயே முட்டையிடத் தொடங்கி, மிஞ்சும் ஆற்றலையெல்லாம் அதற்கே கொடுத்துக் குள்ளமாக நின்றுவிடுவது இதனால்தான்.

பெரும்பாலான மீன்களின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தையே பின்பற்றுகிறது. நீர் 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால், உயிர்வாழ்வதற்கான செலவு ஏறத்தாழ இருமடங்காகிறது. பசியும் செரிமானமும் கூடவே விரைவுபடுவதால், இரை தாராளமாக இருந்தால் அந்தச் சூடு மீனைக் கொழுக்க வைக்கும். இரை குறைந்தால் அதே சூடு மெலிய வைக்கும். இதை மிகத் தெளிவாகக் காட்டியது கனடாவில் பிரெட்டும் அவருடைய குழுவினரும் சால்மன் குஞ்சுகளை வைத்துச் செய்து 1969இல் வெளியிட்ட ஆய்வு: வயிறார உணவிட்டபோது குஞ்சுகள் 15 டிகிரி வெப்பத்தில் மிக நன்றாக வளர்ந்தன, உணவை நாளொன்றுக்கு உடல் எடையில் 1.5 சதவீதமாகக் குறைத்தபோது, அவற்றுக்கு ஏற்ற வெப்பம் 5 டிகிரிக்கு இறங்கிவிட்டது. நம் கடற்கரை மீன்களுக்கு அந்த எண்கள் பொருந்தா; அந்த விதி பொருந்தும்.

மூச்சும் இந்தக் கணக்கில் சேர்கிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான், உப்புநீரில் அதைவிடவும் குறைவு. செலவு ஏறும் நேரத்தில்தான் மூச்சுக் காற்றும் சுருங்குகிறது. வடகிழக்குப் பருவமழையில் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் உப்பைக் குறைப்பதும், கோடையில் முகத்துவாரம் தூர்ந்தால் உப்பு ஏறுவதும் மடவையால் தாங்கக்கூடியவையே. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் செவுள்கள் ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கிறது.

எண்ணூரைப் பற்றி நான் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். மடவை சேற்றின் மேல்படலத்தில் வளரும் டயட்டம் என்னும் நுண்பாசிகளையும் மக்கிய பொருள்களையும் தின்னும் மீன். அனல்மின் நிலையத்தின் வெந்நீர் அதன் செலவைக் கூட்டுகிறது. நிலக்கரிச் சாம்பல் படிந்த சேறும், 2023 டிசம்பரில் பரவியதைப் போன்ற எண்ணெய்ப் படலமும் அதன் வரவை, அதாவது இரையை, குறைக்கின்றன. நீரின் வெப்பத்தை மட்டும் அளந்து, மடவையால் தாங்க முடிந்த அளவுதான் என்று முடிவுகட்டுவது அறிவியலாகாது. அதே இடத்துச் சேற்றில் எவ்வளவு பாசி உயிரோடு இருக்கிறது என்பதையும் சேர்த்து அளந்தால்தான், அந்தச் சூட்டில் மீன் வளருமா, மெலியுமா என்று சொல்ல முடியும்.